பதின்மூன்று பேர் சாப்பிட்ட பீட்சா



முதலில் ஒரு வாக்குமூலம். போன வருஷம் எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி தயிர் சாதம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். அப்போது மெஸ் கமிட்டியில் இருந்தேன். ஒரு கூகுள் ஃபார்ம் தயார் பண்ணி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். இரண்டே நாளில் பதில்கள் வந்தன. "78 சதவீதம் பேர் தயிர் சாதத்துக்குப் பதிலாக ஃப்ரைடு ரைஸ் கேட்கிறார்கள்" என்று அழகாக ஒரு பை சார்ட் போட்டு வார்டன் சாரிடம் நீட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். திங்கட்கிழமையிலிருந்து மெனு மாறிவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி என் ரூம் வாசலில் வந்து நின்றான். "அண்ணா, தயிர் சாதம் இனிமே வராதாண்ணா?" வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிறவன். காரமும் எண்ணெயும் ஆகாது. பத்து ராத்திரியும் பன்னும் வாழைப்பழமும்தான். "எல்லாரும் ஓட்டுப் போட்டுத்தானேடா மாத்தினோம்" என்றேன். "எங்ககிட்ட யாரும் கேக்கலையேண்ணா" என்றான். ஃபர்ஸ்ட் இயர் பசங்களை அந்த குரூப்பில் அதுவரை சேர்க்கவே இல்லை.

அந்த 78 சதவீதத்தில் கணக்குப் பிழை எதுவும் கிடையாது. அப்புறம் தப்பு எங்கே? அதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் நியூயார்க்கில் இருக்கும் ஒரு பீட்சா பிரியரைப் பற்றித் தெரிய வந்தது. அவர் ஒரு புள்ளியியலாளர். அவர் சேர்த்து வைத்த பீட்சா தரவை வைத்துத்தான் இன்றைய பாடம். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க.

பீட்சாவும் ஓட்டும்

அவர் பெயர் ஜாரெட் லேண்டர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முதுகலை முடித்தவர். ஆர் மொழியைக் கற்றுத்தர 'ஆர் ஃபார் எவ்ரிஒன்' என்ற புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகத்தில் ஜேசன் வடிவத் தரவை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எது தெரியுமா? தனக்குப் பிடித்த பீட்சா கடைகளின் பட்டியல்!

நியூயார்க்கில் புள்ளியியல் நிரலாளர்களுக்கான ஒரு மீட்டப் குழுவை அவர் நடத்துகிறார். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு பீட்சா உண்டு. கடை மாறிக்கொண்டே இருக்கும். சாப்பிட்ட பிறகு "இந்தக் கடை எப்படி?" என்று ஒரு ஓட்டு. நாமாக இருந்தால் சாப்பிட்டோமா, கையைக் கழுவினோமா என்று போய்விடுவோம். அவர் ஓட்டுகளைச் சேர்த்து வைத்தார், எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டார். ஆர் பழகுகிறவர்களுக்காக வாராவாரம் ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுக்கும் 'டைடி டியூஸ்டே' முயற்சியில் 2019 அக்டோபர் 1 அன்று பீட்சாதான் தலைப்பு. அதில் இவருடைய ஓட்டுத் தரவும் இடம்பெற்றது.

அந்தத் தரவில் 2012-இல் பதிவான முதல் இரண்டு கடைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடைகளின் பெயர் நமக்கு வேண்டாம். 'அ' கடை, 'ஆ' கடை என்று வைத்துக்கொள்வோம். பதில்களை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

'அ' கடை, மொத்தம் 13 ஓட்டு: பிரமாதம் 0, நல்லா இருக்கு 6, சுமார் 4, மோசம் 1, இனிமே வேண்டவே வேண்டாம் 2.

'ஆ' கடை, மொத்தம் 7 ஓட்டு: பிரமாதம் 1, நல்லா இருக்கு 1, சுமார் 3, மோசம் 1, இனிமே வேண்டவே வேண்டாம் 1.

எந்தக் கடை நல்ல கடை? மேலே படிக்கும் முன் மனசுக்குள் ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்க.

சராசரி போட்டுப் பார்ப்போமா?

பிரமாதத்துக்கு 5, கடைசிப் பதிலுக்கு 1 என்று மதிப்பெண் கொடுத்தால் 'அ' கடைக்கு மொத்தம் 40. 13-ஆல் வகுத்தால் 3.08. 'ஆ' கடைக்கு மொத்தம் 21. 7-ஆல் வகுத்தால் சரியாக 3. ஆக 'அ' கடை முந்துகிறது.

இடைநிலையைப் பார்த்தால் இரண்டுக்கும் 'சுமார்'தான். அதாவது ஓட்டுகளை வரிசைப்படுத்தி நட்டநடுவில் இருப்பதை எடுத்தால் சமம். முகட்டைப் பார்த்தால் 'அ' கடையில் அதிகம் பேர் சொன்னது 'நல்லா இருக்கு', 'ஆ' கடையில் 'சுமார்'. மறுபடியும் 'அ'. ஆனால் பிரமாதம் என்று சொன்னவர்களின் சதவீதத்தைப் பார்த்தால் 'அ' கடைக்கு 0, 'ஆ' கடைக்கு 14. இப்போது 'ஆ' ஜெயிக்கிறது!

ஒரே தரவு, நாலு அளவுகோல், மூன்று விதமான பதில். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'சுமாரு'க்கும் 'நல்லா இருக்கு'க்கும் நடுவே இருக்கும் தூரமும், 'மோச'த்துக்கும் 'வேண்டவே வேண்டாமு'க்கும் நடுவே இருக்கும் தூரமும் ஒன்றா? மனசு அப்படி அளக்காது. 1, 2, 3 என்று எண் போட்டதால் அவை சம தூரத்தில் இருப்பதாக நாமே முடிவு பண்ணிவிட்டோம். இந்த மாதிரிப் பதில்களில் வரிசைதான் உண்மை, இடைவெளி நம்ம கற்பனை. உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "சராசரி திருப்தி 3.84" என்று எழுதும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

முதல் எண்ணிக்கை: எத்தனை பேர் சொன்னார்கள்?

'ஆ' கடையின் 14 சதவீதத்தை உற்றுப் பாருங்கள். அது ஒரே ஒரு ஆள். அவர் அன்று வயிறு சரியில்லாமல் கூட்டத்துக்கு வராமல் போயிருந்தால் 14 என்பது பூஜ்யம் ஆகியிருக்கும்.

சரி, 'அ' கடையின் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? உலகத்தில் யாருக்கும் அந்த பீட்சா பிரமாதமாகத் தோன்றாது என்றா? அந்தக் கடையில் சாப்பிடும் நூறு பேரில் பத்துப் பேர் பிரமாதம் என்று சொல்லக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 13 பேரிடம் கேட்டு ஒருவர்கூட அப்படிச் சொல்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ 13 முறை பெருக்குங்கள். கிட்டத்தட்ட 0.25 வரும். நாலு தடவை கேட்டால் ஒரு தடவை இப்படிப் பூஜ்யம் வரும். அதில் ஆச்சரியமே இல்லை.

இங்கேதான் நம்பிக்கை இடைவெளி உதவிக்கு வருகிறது. கணக்குப் பேப்பரில் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் என்று மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதேதான். ஆனால் புத்தகத்தில் இருக்கும் சாதாரணச் சூத்திரத்தில் பூஜ்யத்தைப் போட்டால், பூஜ்யத்திலிருந்து பூஜ்யம் வரை என்று ஒரு இடைவெளி வரும். அதாவது "எனக்குத் துளிகூடச் சந்தேகமே இல்லை" என்கிறது சூத்திரம், வெறும் 13 பேரைக் கேட்டுவிட்டு!

இதற்கு ஆலன் அக்ரெஸ்டி, பிரென்ட் கூல் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு எளிய வழி இருக்கிறது. உங்கள் தரவோடு நாலு கற்பனை ஓட்டுகளைச் சேருங்கள். இரண்டு 'ஆமாம்', இரண்டு 'இல்லை'. அப்புறம் வழக்கமான கணக்கைப் போடுங்கள். 95 சதவீத நம்பிக்கைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

'அ' கடையில் நல்லா இருக்கு என்றவர்கள் 13-இல் 6 பேர், அதாவது 46 சதவீதம். இப்போது 17-இல் 8 என்று மாற்றிக்கொள்வோம். விகிதம் 0.47. அதை 0.53-ஆல் பெருக்கி, 17-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை 0.12. அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.24. ஆக உண்மையான அளவு 23 சதவீதத்திலிருந்து 71 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நாலில் ஒருத்தருக்குப் பிடிக்குமா, மூன்றில் இரண்டு பேருக்குப் பிடிக்குமா என்பதையே நம்மால் சொல்ல முடியவில்லை.

அதே முறையில் பிரமாதம் என்ற பதிலுக்குப் போட்டுப் பாருங்கள். 'அ' கடைக்கு 0-லிருந்து 27 சதவீதம் வரை. 'ஆ' கடைக்கு 1-லிருந்து 54 சதவீதம் வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாகப் படுத்துக்கிடக்கின்றன. எந்தக் கடை நல்ல கடை என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

லேண்டரின் தரவில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்றால், சதவீதம் இருக்கும் ஒவ்வொரு வரியிலும் மொத்த ஓட்டு எவ்வளவு என்பதும் கூடவே இருக்கிறது. 0.1429 என்று பார்த்தவுடனே பக்கத்தில் 7 என்றும் பார்க்கிறோம். நான் வார்டனிடம் நீட்டிய பை சார்ட்டில் அந்த இரண்டாவது எண் இல்லை.

இந்த எண்ணிக்கைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 13 பேர் முழு எண்ணாக மதிப்பெண் கொடுத்தால் சராசரி 40-இன் கீழ் 13 ஆகலாம், அது 3.08. அடுத்தது 41-இன் கீழ் 13, அது 3.15. நடுவில் 3.12 என்று ஒரு சராசரி வரவே முடியாது. யாராவது அப்படி எழுதியிருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று மூல டேட்டாவைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீத்தர்ஸ் என்ற இருவர் இதை ஒரு சோதனையாகவே வகுத்து 'கிரிம்' என்று பெயர் வைத்தார்கள். எல்.கே.ஜி. வகுத்தல் மாதிரித் தெரிகிறது இல்லையா? இது பிடித்துக்கொடுத்த தப்புகளைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இரண்டாவது எண்ணிக்கை: எத்தனை பேர் சொல்லவில்லை?

இப்போது என் மெஸ் கணக்குக்கு வருவோம். பதில் சொன்னவர்கள் 41 பேர். ஃப்ரைடு ரைஸ் கேட்டவர்கள் 32 பேர். நாலு கற்பனை ஓட்டைச் சேர்த்து இடைவெளி போட்டால் 63-லிருந்து 88 சதவீதம் வரை வருகிறது. கீழ் எல்லையே பாதிக்கு மேலே இருக்கிறது! அப்படியானால் நான் பண்ணினது சரிதானே?

இல்லை. நம்பிக்கை இடைவெளி ஒரு நிபந்தனையோடுதான் பேசுகிறது: அந்த 41 பேரும் மொத்த ஹாஸ்டலிலிருந்து குலுக்கல் முறையில் வந்தவர்களாக இருக்க வேண்டும். வந்தவர்கள் யார்? குரூப்பில் இருக்கிற சீனியர்கள். அதிலும் மெனுவை மாத்தியே ஆகணும் என்று துடித்தவர்கள். தயிர் சாதம் போதும் என்று நினைப்பவன் ஃபார்மைத் திறக்கவே மாட்டான். அவனுக்கு எந்தக் குறையும் இல்லையே!

ஹாஸ்டலில் மொத்தம் 312 பேர். பதில் சொல்லாதவர்கள் 271. என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: 312 பேரில் 32 பேர் மாற்றம் கேட்டார்கள். அது 10 சதவீதம். எப்படி இருந்த 78 எப்படி ஆகிவிட்டது பாருங்கள்.

நியூயார்க் பீட்சா ஓட்டிலும் இதே ஓட்டை உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று இருக்கிறது. சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ற பத்தி அதில் இல்லை. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கடுப்பானவரும் ஓட்டுப் போட்டிருக்கலாம், நடுவில் இருந்தவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே தப்பான முடிவு எடுத்தால் போவது ஒரு சாயங்கால பீட்சா. இங்கே போனது ஒருத்தனுடைய பத்து நாள் சாப்பாடு.

மூன்றாவது எண்ணிக்கை: எத்தனை தடவை தேடினேன்?

இன்னொரு பீட்சா கதை. இது கொஞ்சம் கசப்பானது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பிரையன் வான்சிங்க். மிகப் புகழ்பெற்றவர். பணத்தைக் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடக்கூடிய ஒரு இத்தாலியன் பஃபேயில் அவருடைய குழு தரவு சேகரித்தது. எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை. அந்தத் தரவை ஒரு ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா பார் என்று சொன்னதாக 2016-இல் அவரே பெருமையாக இணையத்தில் எழுதினார். விளைவு, நாலு ஆய்வுக் கட்டுரைகள்.

படித்த புள்ளியியல்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். எந்த விஷயமும் இல்லாத வெறும் தரவில் ஒரு சோதனை பண்ணினால், தற்செயலாக 'குறிப்பிடத்தக்க முடிவு' வர 5 சதவீத வாய்ப்பு. ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, மதியம் தனியாக, ராத்திரி தனியாக என்று வெட்டி வெட்டி 20 சோதனை பண்ணினால்? ஒன்றிலுமே தப்பு வராமலிருக்க 0.95-ஐ 20 முறை பெருக்க வேண்டும். 0.36 வருகிறது. அதாவது, குறைந்தது ஒரு பொய்யான கண்டுபிடிப்பாவது கிடைக்க 64 சதவீத வாய்ப்பு. பீட்சாவை எத்தனை துண்டாக வெட்டினாலும் பீட்சாவின் அளவு கூடாது. தரவை வெட்டினால் மட்டும் முடிவுகள் கூடிக்கொண்டே போகும்.

டிம் வான் டெர் ஸீ, ஜோர்டன் அனாயா, மேலே சொன்ன அதே நிக் பிரவுன் ஆகிய மூவரும் அந்த நாலு கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த எல்.கே.ஜி. வகுத்தல் மாதிரியான சோதனைகளை வைத்தே சுமார் 150 முரண்பாடுகளை எடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். அதன்பிறகு அவருடைய மற்ற ஆய்வுகளையும் பலர் தோண்ட ஆரம்பித்தார்கள். 2018-இல் ஆராய்ச்சியில் முறைகேடு நடந்திருப்பதாக கார்னெல் அறிவித்தது. மோசடி எதுவும் பண்ணவில்லை என்று வான்சிங்க் சொன்னார். ஆனாலும் 2019 ஜூனோடு வேலையிலிருந்து விலகினார்.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. என் கூகுள் ஃபார்மில் ஒன்பது கேள்விகள் இருந்தன. இட்லி எப்படி, சாம்பார் எப்படி, காபி எப்படி என்று மீதி எட்டிலும் பாதிக்குப் பாதிதான் வந்தது. எடுப்பாகத் தெரிந்த ஒரே ஒரு சார்ட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து வார்டனிடம் கொண்டுபோனேன். மீதி எட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. பொய் சொல்லவில்லைதான், ஆனால் ஒன்பதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன் என்று சொல்லவும் இல்லை.

ஆக, பாடம் இவ்வளவுதான். ஒரு சதவீதத்தை எழுதும்போது பக்கத்தில் மூன்று எண்களை எழுதுங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எத்தனை பேர் சொல்லவில்லை, இதைக் கண்டுபிடிக்க மொத்தம் எத்தனை விதமாகத் தேடினேன். நான் ஒழுங்காக எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "78 சதவீதம். பதில் சொன்னவர்கள் 41, சொல்லாதவர்கள் 271, கேட்ட கேள்விகள் 9." இதைப் பார்த்தால் எந்த வார்டனும் மெனுவை மாற்றியிருக்க மாட்டார். நானே போய்க் கேட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

மறுபடியும் ஓட்டு வைத்தோம். இந்தத் தடவை கூகுள் ஃபார்ம் கிடையாது. மெஸ் வாசலில் ஒரு டேபிள், துண்டுச்சீட்டு, ஒரு பழைய பிஸ்கட் டின். ஒரே கேள்வி. ராத்திரி சாப்பிட வருகிற ஒவ்வொருத்தரும் சீட்டைப் போட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். 289 சீட்டு விழுந்தது. ஊருக்குப் போயிருந்த 23 பேர் போடவில்லை. ஃப்ரைடு ரைஸுக்கு 148, தயிர் சாதத்துக்கு 141. 51-க்கு 49!

இதில் யார் ஜெயித்தார்கள் என்று வார்டன் சார் கேட்டார். "ரெண்டு பேரும் சார்" என்றேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஃப்ரைடு ரைஸ், தயிர் சாதம் தினமும் ஓரமாக ஒரு பாத்திரத்தில். அந்தத் தம்பி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறான். பிஸ்கட் டின் கதையெல்லாம் அவனுக்குத் தெரியாது, சீட்டுப் போட்டது மட்டும்தான் தெரியும்.

வீட்டுப்பாடம்

1. உங்கள் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டிலோ, சிம்போசியம் போஸ்டரிலோ, உங்கள் சொந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலோ ஒரு சதவீதத்தைப் பிடியுங்கள். பக்கத்தில் அந்த மூன்று எண்களும் இருக்கின்றனவா? இல்லையென்றால் எழுதியவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எழுதியவர் நீங்களே என்றால் இன்னும் நல்லது.

2. 41 பேரிடம் கேட்டதில் 79 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சாத்தியமா? விடை: 32 பேர் என்றால் 78.0, 33 பேர் என்றால் 80.5. நடுவில் 79-க்கு இடமே இல்லை. கண்டுபிடித்துவிட்டீர்களா?

3. அடுத்த தடவை நண்பர்களோடு பீட்சாவோ, பரோட்டாவோ, கையேந்தி பவன் தோசையோ சாப்பிடும்போது லேண்டர் மாதிரி அந்த ஐந்து பதில்களை வைத்து ஓட்டெடுங்கள். சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ற பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு கற்பனை ஓட்டைப் போட்டு இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். எத்தனை பேர் சேர்ந்தால் அது 10 சதவீதத்துக்குள் சுருங்குகிறது என்று பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

அவ்வளவு பேருக்கு யார் பில் கொடுப்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்!